முதுகுக் குளிரும் ஹுஷங்கின் தூளியும்

காஸ்பியன் கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் சாரி. அந்தச் சொல் ஹுஷங்கின் வாயிலிருந்து ஊர்ப் பெயராக மட்டுமே வரும். வேறு அர்த்தத்தில் வந்ததே இல்லை. ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். வெள்ளிக்கிழமை மலையேறும் குழுவுக்கும் அவரே தலைவர். அடுத்த வாரம் பன்னிரண்டு குடும்பங்களைக் காட்டுக்குக் கூட்டிப்போய், மரத்துக்கு மரம் நைலான் தூளி கட்டி, கொஞ்சமும் குளிராமல் தூங்கவைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குமுன் தானும் ஒருமுறை படுத்துப் பார்த்துவிடலாம் என்று மனைவி தூபாவுடன் மலைக்குப் போனார்.

தூபா திரைச்சீலை தைப்பவள். தொங்குகிற துணி எதுவும் அவள் சொன்னபடி கேட்கும். ஒரு பழைய மெத்தைப் போர்வையின் நாலு மூலையிலும் நாடா தைத்துக் கொண்டுவந்திருந்தாள். அதைத் தன் தூளிக்கு அடியில் கட்டித் தொங்கவிட்டாள். ஹுஷங்குக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"போர்வையைக் கீழ போத்துற ஆளை இப்பதான் பாக்குறேன்."

"உங்களுக்கும் ஒண்ணு கட்டட்டுமா?"

"எனக்கெதுக்கு? இது வாத்து இறகு அடைச்ச தூங்குற பை. பனிமலையிலயே தாங்கும்."

அவள் வற்புறுத்தவில்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

இரண்டு மணி நேரம் ஆயிற்று. நெஞ்சுப் பக்கம் கதகதப்பாக இருந்தது. முதுகோ ஐஸ்பெட்டியில் கிடக்கும் மீனைப்போல விறைத்தது. அவர் எடைக்குக் கீழே இறகெல்லாம் நசுங்கி அப்பளமாகிவிட்டது அவருக்குத் தெரியாது. இடம்தான் சரியில்லை என்று முடிவு கட்டினார். தூபா அந்தப் பக்கம் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அங்கே காற்று வராதுபோலிருக்கிறது.

அவளை எழுப்பி, அவள் மரத்தில் எறும்பு ஏறுவதாகவும், அவளுக்காகத் தன் இடத்தையே விட்டுத்தருவதாகவும் சொன்னார். அந்தக் குளிரில் எறும்பு ஏது என்று தூபா கேட்கவில்லை. அடிப்போர்வையை அவிழ்த்துச் சுருட்டி எடுத்துப் போய், அவருடைய தூளிக்கடியில் கட்டிக்கொண்டு படுத்துவிட்டாள்.

ஹுஷங் அவள் தூளியில் ஏறினார். முதுகு முன்னைவிட மோசமாக விறைத்தது. அடடா, பழைய இடமே தேவலையே. அரைமணி கழித்து மறுபடி எழுப்பி, நரி ஊளையிடுவது அவள் படுத்திருக்கும் பக்கம்தான் என்றார். தூபா மறுபடியும் எழுந்தாள். அவிழ்த்தாள், சுருட்டினாள், போய்க் கட்டினாள், தூங்கினாள்.

தன் பழைய தூளியில் ஒரு காலை வைத்தபடி ஹுஷங் அப்படியே நின்றார். சூடு மரத்தில் இல்லை. அவள் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

கிட்டே போய் டார்ச் அடித்துப் பார்த்தார். போர்வை இறுக்கமாகவும் இல்லை, தளர்வாகவும் இல்லை. அவள் முதுகின் வளைவுக்கு அளவெடுத்ததுபோல, நசுங்காமல், ஒட்டியும் ஒட்டாமலும் தொங்கியது. இருபத்தாறு வருஷமாக வீட்டு ஜன்னல்களில் இதே கை வேலை செய்திருக்கிறது. ஒருநாளும் அவர் நின்று பார்த்ததில்லை.

"தூபா, எனக்கும் ஒண்ணு கட்டிக் குடேன்," என்றார்.

அவள் காரிலிருந்து இன்னொன்றை எடுத்துவந்தாள். நாடாவெல்லாம் தைத்துத் தயாராக இருந்தது. கட்டி முடித்து, கையால் ஒருமுறை தட்டிப் பார்த்தாள். ஹுஷங் வெயில் ஏறும்வரை அசையாமல் தூங்கினார்.

காலையில் தேநீர் குடிக்கும்போது, அவளைப்போல் கெட்டிக்காரி இந்த மாகாணத்திலேயே கிடையாது என்று மனதாரச் சொன்னார். பிறகு தான் தலைவர் என்பது ஞாபகம் வந்தது.

"அடுத்த வாரம் இதை நம்ம குழுவுக்கு நான் சொல்லித் தரப்போறேன். எல்லாரும் அசந்துடுவாங்க பாரு."

தூபா அவருக்கு இன்னொரு கோப்பை ஊற்றினாள்.

"பன்னெண்டு குடும்பமும் போன வாரமே வந்து தைச்சு வாங்கிட்டுப் போயிட்டாங்க. தலைவருக்குத் தெரியாமலா இருக்கும்னுதான் உங்ககிட்ட யாரும் சொல்லல."