எட்டைக் கழற்றிய மாப்பிள்ளை

"ஷோபாக்கா, ஸ்குரூ டிரைவர் இருக்கா?"

எதிர்வீட்டு ஷோபா கதவைத் திறந்தபோது, தருண் தன் கதவிலிருந்த எட்டாம் எண்ணைக் கரண்டிக் காம்பால் நெம்பிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா பண்றே?"

"நாலு மணிக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வீடு பாக்க வர்றாங்க. பொண்ணும் வர்றா. இந்த எட்டு இருந்தா காரியம் உருப்படாதுக்கா."

இதற்கு முன் இரண்டு வரன்கள் இந்தப் பெங்களூர் ஈஜிபுரா வீட்டு மாடிப்படியில் ஏறி, காபி குடித்து, "சொல்லி அனுப்பறோம்" என்று இறங்கிப் போயிருந்தார்கள். பழி முழுவதையும் அவன் எட்டின் மேல் போட்டுவிட்டான். இந்த முறை வருவது வித்யாலட்சுமி. அவள் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து பையனுக்குச் சோறு இறங்கவில்லை. இதுவும் தட்டிப்போனால் தாங்கமாட்டான், பாவம்.

ஏழின் மேல் மட்டும் அவனுக்குத் தனிப் பாசம். ஏன் என்று கேட்டால், "பாத்தாலே நல்லாருக்குல்ல?" என்பான். சாஃப்ட்வேர் படித்தவன் வேறு!

"உங்க ஏழாம் நம்பரைக் குடுங்கக்கா. என்னோடதை எடுத்துக்கங்க."

"ஆஹா, என் தலையில கட்டப் பாக்கிறியா? எனக்கு மூணுதான் ராசி. வாங்கிட்டு வா, தர்றேன்."

மூன்று கீழ்வீட்டுச் சேஷகிரியின் கதவில் இருந்தது. அவர் ஐந்து கிடைக்காமல் அசையமாட்டேன் என்றார்.

"அஞ்சைப் பாருப்பா. மேல தொப்பி, கீழ தொந்தி. என்னையே பாக்கிற மாதிரி இருக்கும்."

ஐந்து மேல்மாடி நாகேஷிடம் இருந்தது; அந்தக் கட்டடத்தில் எண்கள் என்றைக்கும் வரிசையில் இருந்ததில்லை. கல்யாணம் ஆகாத பிள்ளை, எதற்கும் கவலைப்படாதவன், யாரையும் 'குரு' என்றே கூப்பிடுவான்.

"எட்டோ எண்பதோ, எதையாவது மாட்டு குரு. தாழ்ப்பாள் விழுந்தா போதும்."

மூன்றரை மணிக்குள் நான்கு கதவுகளும் எண் மாறிக்கொண்டன. தருண் தன் புது ஏழாம் எண்ணை எச்சில் தொட்டுத் துடைத்தான். ஓசூரிலிருந்து வந்துகொண்டிருந்த அவன் அப்பா அம்மா பொம்மனஹள்ளி நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். நாலே கால் ஆகியும் பெண் வீட்டாரைக் காணோம்; ஆர்டர் செய்த பஜ்ஜியையும் மைசூர்பாக்கையும்கூடக் காணோம். டெலிவரிக்காரருக்குப் போன் போட்டான்.

"எட்டாம் நம்பர்லயே குடுத்துட்டேனே சார்!"

தருண் மாடிக்கு ஓடினான். நாகேஷ் வீட்டுக்குள் ஒரே சிரிப்பு. வித்யாலட்சுமி, அவள் அப்பா, சித்தி மூவரும் பாயில் உட்கார்ந்து அவனுடைய பஜ்ஜியைத்தான் தின்றுகொண்டிருந்தார்கள். சிரித்துச் சிரித்து வித்யாலட்சுமிக்கு விக்கலே வந்துவிட்டது.

"எட்டுன்னு பாத்து நேரா இங்க வந்துட்டாங்க குரு" என்றான் நாகேஷ். "உன்னைக் கூப்பிடலாம்னு எழுந்தேன், பார்சல் வந்துச்சு. ஆறிடுமேன்னு பிரிச்சுட்டேன்."

தருண் மூவரையும் அள்ளிக்கொண்டு கீழே வந்து, தன் கதவைப் பெருமையாகக் காட்டினான்.

"பயோடேட்டால டைப்பிங் மிஸ்டேக் சார். நம்ம வீடு ஆரம்பத்துலேருந்தே ஏழுதான். எட்டெல்லாம் நமக்கு எதுக்கு?"

வித்யாலட்சுமியின் முகம் விழுந்துவிட்டது. விக்கலும் நின்றுபோனது. அவள் அப்பா செருப்பைப் பார்த்தார். சித்தி கையிலிருந்த மைசூர்பாக்கை விழுங்கிவிட்டுச் சொன்னாள்:

"இவளுக்கு எட்டுன்னா உயிரு தம்பி. வந்த வரனையெல்லாம் வேணாம்னவ, எட்டாம் நம்பர் வீடுன்னு பாத்துத்தான் உங்களுக்குத் தலையாட்டினா. ஆமா... மேல இருக்கிற தம்பிக்கு எங்கயாவது பொண்ணு பாத்தாச்சா?"