நாட்டுக் கவலையால் காலமானோர்

எங்கள் பியோ குலத்தில் இருபத்தேழு தலைமுறையாக யாருக்கும் நோய் வந்ததில்லை. யார் பிறந்தார், எப்படி இறந்தார் என்று எழுதிவைக்கும் குலப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆந்தோங் ஊர்க் கிளைக்குப் பதினோரு வருடமாகப் பதிவுச் செயலாளர் அடியேன்தான் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

போன மாதம் என் குடலில் ஏதோ முளைத்திருப்பதாகச் சொன்னார்கள். பரம்பரை நோய் என்று சான்று காட்டினால் எனக்கும் மகள் ஹே-ரினுக்கும் அரசு செலவில் மரபணுப் பரிசோதனை. ஆஸ்பத்திரியில் பழைய ரெக்கார்டுகளை எரித்துவிட்டதால் குலப் புத்தகமே சான்று. பெருமையோடு தூக்கிக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா புரட்டினார்.

"உங்க தாத்தா எப்படி இறந்தாரு?"

"நாட்டுக் கவலையால."

"அப்பா?"

"கவிதை எழுதிக்கிட்டே."

"பெரியப்பா குதிரையிலேர்ந்து விழுந்தாராமே. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழுலயா?"

மூவரும் குடல் புற்றுநோயில் போனவர்கள். குதிரை என் கற்பனை.

"இதுல உங்களுக்குப் பொண்ணே இல்லையே?"

"எங்க புத்தகத்துல பொண்ணுங்க பேரு வராது. மாப்பிள்ளை பேருதான் வரும். இவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகலை."

"அப்ப பொறக்காதவங்களுக்கு எப்படிங்க டெஸ்ட் எடுக்கிறது?"

நேரே குலச் சங்கத்துக்கு ஓடினேன். தலைவர் மான்-ஹோ என்னைவிட இருபத்துமூன்று வயது இளையவர். தலைமுறைக் கணக்கில் ஒரு படி மேலே. ஆகவே எனக்குச் சித்தப்பா.

"சித்தப்பா, என் பொண்ணு உயிர்ப் பிரச்சினை. உண்மையை எழுதிடலாம்."

"ஏம்ப்பா, குடல்னு போட்டா நாளைக்கு நம்ம வீட்டுல யாரு சம்பந்தம் பண்ணுவான்? அந்தக் குதிரை நீ எழுதினதுதானே?"

"நான்தான், சித்தப்பா."

"அப்ப நீயே பாத்து நாசூக்கா எழுது."

சங்கத்தின் ஐவர் குழு கூடியது. மூன்று மணி நேர ஆழ்ந்த பரிசீலனைக்குப் பின் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: "மேற்படி மூவருக்கும் நாட்டுக் கவலையானது பெருங்குடலில் தங்கியிருந்தது. மகள் ஹே-ரின்: இணைப்பு ஒன்று." கையெழுத்துப் போடும்போது சித்தப்பா என் காதருகே வந்தார்.

"அந்த டாக்டர் நம்பரைக் குடு. எங்கப்பாவுக்கும் கவலை அதிகம். நுரையீரல்ல."

மற்ற நால்வரும் ஆளுக்கொரு உறுப்பைச் சொல்லி நம்பர் வாங்கிக்கொண்டார்கள்.

பரிசோதனை முடிவு வந்தது. அந்த மரபணுக் கோளாறு எனக்கும் இருக்கிறது, அவளுக்கும் இருக்கிறது. அவளுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை, வருடாவருடம் பார்த்துக்கொண்டால் போதும் என்றார் டாக்டர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பாழாய்ப்போன குதிரையால் அவளை அல்லவா சாகவிடப் பார்த்தேன்!

வீட்டில் ஹே-ரின் புத்தகத்தைப் புரட்டினாள். என் பெயருக்கு நேரே நான் எப்போதோ எழுதி வைத்திருந்ததை உரக்கப் படித்தாள்: "'நூல் வாசித்தபடியே அமைதியாக மறைந்தார்.' தேதியை மட்டும் விட்டு வெச்சிருக்கியேப்பா!"

அதை அடித்துவிட்டுக் 'குடல்' என்று எழுதினாள். கீழே தன் பெயரையும் எழுதினாள்.

"குழு ஒத்துக்காதும்மா" என்றேன், பதினோரு வருடப் பழக்கத்தில்.

"குழுவைக் கேட்டுக்கிட்டா உன் நோய் என்னைச் சேத்துக்கிச்சு?"