மூன்று வரித் திருத்தமும் ஏழு கட்டப் பலகையும்

செங்கல்பட்டு மாவட்டத்தில் சம்பூர்ணத்தைப் போல ஒரு பலகையை நிர்வகிக்க இன்னொருவர் இனிமேல்தான் பிறந்து வர வேண்டும். மாவட்டம் என்பது கொஞ்சம் அதிகம்தான். திருக்கழுக்குன்றத்தில் அவர் குடியிருக்கும் தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வீட்டு மாடியில் இருக்கும் திவ்யாவும் ஒரு பலகை வைத்திருக்கிறாளாம். ஆகவே கீழ்த்தளம் என்று முடித்துக்கொள்வோம்.

பலகைப் பரிபாலகர் என்னும் இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாலு பேர் சேர்ந்து ஊருக்கு உதவும் மென்பொருள் ஒன்றை இலவசமாக எழுதி, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம், எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்தால், ஐந்தாவதாக ஒருவர் வந்து சேர்வார். அவருக்கு நிரல் எழுதத் தெரியாது என்று சொல்லக்கூடாது; எழுத நேரமில்லை. செய்ய வேண்டிய வேலைகளை அட்டை அட்டையாகத் திரையில் எழுதி, 'செய்ய வேண்டியது', 'நடக்கிறது', 'முடிந்தது' என்று கட்டம் கட்டி, அட்டைகளை ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு விரலால் இழுத்து, இழுத்த களைப்புத் தீரக் காபி குடித்து, குடித்த தெம்பில் அட்டைகளுக்கு நிறம் பூசி, பூசிய நிறம் பிடிக்காமல் மாற்றிப் பூசி, சாயங்காலம் நாற்று நட்டுவிட்டு வந்தவரைப் போல இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார். வேலை? அது வைத்த இடத்திலேயே இருக்கும்.

சம்பூர்ணம் முப்பத்திரண்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வந்து சேர்ந்தது 'எப்ப வரும்' என்ற செயலியில். திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் மினி பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் சின்னச் செயலி அது. சேர்ந்த ஒரே மாதத்தில் மூன்று கட்டங்கள் ஏழாயின. 'சரிபார்ப்புக்குத் தயார்' என்று ஒன்று, 'சரிபார்ப்பில்' என்று ஒன்று, 'சரிபார்த்ததைச் சரிபார்க்க' என்று இன்னொன்று. எந்தத் திருத்தத்தையும் இரண்டு பேர் படித்து ஒப்புதல் தந்தால்தான் சேர்க்கலாம் என்று ஒரு விதி. ஒருவர் அவரே. மற்றவர் அணுபுரத்து ஹரிஹரன். சம்பூர்ணம் ஒப்பாத எதையும் இதுவரை திறந்துகூடப் பார்க்காத உத்தமர்.

இந்தக் கோட்டைக்குள் மூன்று வரித் திருத்தத்தோடு நுழைந்தாள் ரெஜினா. பொத்தேரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறவள். வண்டி ஓடாத நாளுக்கு முந்தின மாலையே கண்டக்டர் ஜான்சன், 'நாளைக்கு வண்டி கிடையாது' என்று செயலியில் அழுத்திவிடுவார். அழுத்தியது உள்ளே போகும். பயணிகளின் திரைக்கு மட்டும் வராது. அதை வரவைக்கத்தான் அந்த மூன்று வரி. காலை ஆறு பத்துக்கு வண்டி உண்டு என்று செயலி சத்தியம் செய்யும். அதை நம்பி நின்று ஏமாந்தவர்களில் ஒருத்தி ரெஜினாவின் அம்மா மேரி. மாமல்லபுரத்து விடுதி ஒன்றில் அறை சுத்தம் செய்கிறவள். இரண்டு முறை தாமதமாகிவிட்டது. மூன்றாவது முறை தாமதித்தால் வேலை இல்லை என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.

சம்பூர்ணம் திருத்தத்தைப் படித்தார். பரவசப்பட்டார். 'நல்ல முயற்சி. அட்டை எங்கே?' என்று முதல் கருத்தை எழுதினார். ரெஜினா அட்டை போட்டாள். 'அட்டைக்கு நிறம் இல்லை.' நிறம் வந்தது. 'இரண்டாம் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டால் கண்ணுக்குக் குளிர்ச்சி.' விட்டாள். 'பழையபடியே இருக்கலாமோ என்று தோன்றுகிறது.' இப்படி மூன்று வரிகளுக்குப் பத்தொன்பது கருத்துகள். முப்பத்திரண்டு வருடம் சிவப்பு மையில் பழகிய கைக்கு, ஒரு தாளைச் சும்மா திருப்பிக் கொடுக்க மனம் வருமா?

வாராந்தர இணையக் கூட்டத்தில் சம்பூர்ணம் முகம் காட்டுவதில்லை, பலகையைத்தான் காட்டுவார்.

"மேடம், அம்மாவுக்கு வேல பூடும்போல கீது. எப்ப சேப்பீங்க?" என்றாள் ரெஜினா.

"உன் அவசரம் புரியுதும்மா. அதுக்குன்னே சிவப்பு போட்டிருக்கேன், பாத்தியா?"

"பாத்தேன் மேடம். மூணு வாரமா செவப்பாவேதான் கீது."

பின்னாலிருந்து மேரியின் குரல் கேட்டது. "இன்னாடி, அந்தம்மா படிச்சவங்கதானே? மூணு வரி படிக்க எத்தினி நாளு ஆவும்?"

சம்பூர்ணம் அசரவில்லை. 'பயனர் கருத்து வரவேற்கப்படுகிறது' என்று ஒரு புது அட்டை எழுதி, அதற்கு நீல நிறம் கொடுத்தார்.

அடுத்த வாரம் சம்பூர்ணத்துக்கு மாமல்லபுரத்தில் ஒரு கல்யாணம். பட்டுப் புடவை, கையில் பரிசுப் பொட்டலம், ஐந்தே முக்காலுக்கெல்லாம் நிறுத்தத்தில் ஆஜர். ஆறு பத்து, சொந்தச் செயலியே சொல்கிறது. ஆறு பத்தும் ஆனது, ஆறே காலும் ஆனது. பக்கத்தில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அதில் ஏறப்போன அம்மாளிடம் கேட்டார்.

"ஆறு பத்து வண்டி வந்துடும்தானே?"

"இன்னிக்கு இல்லம்மா. நேத்து சாயங்காலமே போன்ல வந்துட்ச்சே, உங்களுக்கு வர்ல? பழசு வெச்சிகினு கீறீங்களா?"

"பழசா?"

"என் பொண்ணு அத்த அப்பிடியே காப்பி எடுத்து, அவ மூணு வரிய போட்டு, தனியா வுட்டுட்டா. ஜான்சன் அண்ணாத்த பஸ்ல ஏறுறவங்களுக்கெல்லாம் அவரே ஏத்தி வுடறாரு. பழசுல யாரோ ஒரு டீச்சராம், இன்னும் படிச்சிகினே கீறாங்களாம். ஏறுங்க, எடம் கீது."

பாவம் மேரி, யாரிடம் பேசுகிறோம் என்றே அவளுக்குத் தெரியாது. சம்பூர்ணம் ஏறினார். வழியெல்லாம் பொட்டலத்தின் ரிப்பனையே சரிசெய்துகொண்டு வந்தார். மேரி நேரத்துக்கு விடுதிக்குள் போனதைப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்று போனை எடுத்து, வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு திருத்தத்துக்குக் கருத்துச் சொல்லாமல் ஒப்புதல் தந்தார். அடுத்த நிமிடமே ஹரிஹரனும் தந்தார். பழைய செயலியை அப்போது வைத்திருந்தவர்களும் அவர்கள் இருவர்தான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். வீட்டு வாட்ஸ்அப் குழுவில் விசேஷ வேலைகளுக்கெல்லாம் வரிசை எண் போட்டு அனுப்பிவிட்டு, அரை மணிக்கு ஒரு தரம் 'என்ன ஆச்சு?' என்று கேட்டது யார்? அந்தப் பட்டியலில் எந்த எண்ணுக்கு எதிரே உங்கள் பெயர் இருந்தது? அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள். மறந்துவிடாமல் இருக்க ஓர் அட்டை போட்டு வைக்கிறேன்.

இதை அச்சுக்கு அனுப்பும் முன் ரெஜினாவிடம் படிக்கக் கொடுத்தேன். ஒரு டீ ஆறும் நேரத்துக்குள் படித்து முடித்துவிட்டாள்.

"ரெண்டு தப்பு மேடம். பத்தொம்போது கமென்ட்டு இல்ல, இருவத்தி மூணு. அப்பறம், எங்கம்மா ஆளு தெரியாம பேசுனாங்கன்னு எழுதிகீறீங்க. அன்னிக்கி ஸ்டாப்புல நீங்க வாயத் தொறந்ததுமே கூட்டத்துல கேட்ட கொரலுன்னு தெரிஞ்சிகினுதான் பேசுனாங்க. மத்தபடி ஓகே, போட்டுக்கலாம்."