ஃபில்டரை எடுத்துவிட்ட மதியம்

திரை காலியாக இருந்தால் மானமே போய்விட்டதாக நினைப்பது என்னைப் போன்ற அரைவேக்காட்டு புரோகிராமர்களின் வியாதி. அந்த வியாதியால்தான் நான் பெற்ற தாயையே கதிகலங்க வைத்தேன்.

இராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கடலுக்குப் போனவர்கள் மீனவர் சங்கத்து போன் குழுவில் பேசி அனுப்புவார்கள். 'கரைக்கு வாரேன்' என்று கேட்டதும் வீட்டில் உலை வைப்பது வழக்கம். பல வருடத்துப் பேச்சுகளையும் அள்ளி ஒரு வெக்டார் டேட்டாபேஸில் கொட்டினேன். கேட்ட வார்த்தையே இருக்க வேண்டாம், அர்த்தம் நெருங்கினால் போதும், எடுத்துக் கொடுத்துவிடும். (சென்னையில் ஆறு மாதம் வேலை பார்த்த திமிர்!)

இந்தத் தேடலுக்குச் சங்கக் கட்டடத்தில் அறிமுக விழா. அன்று பார்த்து மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஏறிவிட்டது. சகாய மாமா கடலில் இருந்தார், போன் எடுக்கவில்லை. அவருடைய அக்காதான் என் அம்மா.

"ஏலே, உன் மாமன் எப்ப கரைக்கு வருவான்னு அதுகிட்டக் கேளு."

கேட்டேன். திரை காலி. இன்றைய பேச்சை முதலில் பிரித்துவிட்டு அதற்குள் தேடியிருக்க வேண்டும். நானோ எல்லாவற்றிலும் தேடி, நெருங்கி வந்த பத்தை எடுத்து, அப்புறம்தான் தேதி பார்க்கும் ஃபில்டரை வைத்திருந்தேன். பத்துமே பழசு. ஃபில்டர் அத்தனையையும் தள்ளிவிட்டது. கூட்டத்தில் யாரோ சிரிக்க, ஃபில்டரையே எடுத்துவிட்டேன்.

ஸ்பீக்கரில் அய்யா பேசினார், என் அப்பா.

"காத்து தணிஞ்சிருச்சு. கரைக்கு வாரேன். உலைய வையி."

கடைசியில் அவருடைய இருமல். அய்யா கடலோடு போய் அப்போது நாலு வருடம், உடல்கூடக் கிடைக்கவில்லை. சிரித்தவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

அம்மா அழவில்லை. "வாராகளாம்" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். கூட்டத்தைச் சமாளித்துவிட்டு ஓடிப்போய்ச் சேர்ந்தேன். அதற்குள் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, அது பழசும்மா. நாந்தான் தப்புப் பண்ணிட்டேன்."

"தெரியும்லே. அவுக சொல்லி உலை வைக்காம இருக்க முடியுமா?"

அய்யா நிஜமாகவே வந்துவிடுவாரோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் வாசலில் நிழல் விழுந்தது. அலறிவிட்டேன். நனைந்துபோய் நின்றவர் சகாய மாமா.

"இஞ்சின் நின்னுருச்சு, போனும் நனைஞ்சிருச்சு. சேதியே சொல்லல, எப்படிக்கா உலை வச்ச?"

அம்மா அவர் தலையைத் துவட்டினாள். அப்போதுதான் அழுதாள்.

தேடலை அந்த வாரமே திருத்திவிட்டேன். என்னைத்தான் யாரும் நம்புவதில்லை. இராமநாதபுரத்தில் பஸ் ஏறி "வாரேன்மா" என்று போன் செய்தால், "ஏலே, இன்னைக்கு உள்ள பேச்சுதானா?" என்பாள் அம்மா. "தேதியைச் சொல்லச் சொல்லுக்கா!" என்று மாமா பின்னாலிருந்து கத்துவார். இரண்டு பேரும் சிரித்து முடித்ததும் தேதியைச் சொல்வேன். சொல்வதற்கு முன் போனில் ஒருமுறை சரிபார்த்தும் கொள்வேன்.