சைக்கிளில் ஊர் சுற்றிய சீமாட்டி

அன்புள்ள ஒதீல் அத்தைக்கு,

சொலேன் அன்போடு எழுதுவது. மாமாவின் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் நலம். முதலாளி தெபோ நலம். அவருடைய புளிமாவும் நலம். அந்தக் கடைசி வரியை எழுதத்தான் இந்தக் கடிதமே. இந்த ரொட்டிக்கடையில் எனக்கு வேலை வாங்கித் தந்தவர் நீங்கள், அதனால் உங்களிடம் மட்டும் சொல்கிறேன், அம்மாவிடம் மூச்சு விடாதீர்கள்.

முதலாளியின் புளிமாவை உங்களுக்கே தெரியும். ரொட்டியை எழும்ப வைக்க அவர் தாத்தா காலத்திலிருந்து தீனி போட்டு உயிரோடு வைத்திருக்கிற புளித்த மாவு, அதற்கு அவர் வைத்த பெயர் சீமாட்டி. ஞாயிற்றுக்கிழமை கடையை மூடும்போது என்னைக் கூப்பிட்டார். "பொண்ணு, நாளைக்கு லீவு, நான் பல்லு புடுங்க ரென் டவுன் வரைக்கும் போறேன். மத்தியானம் சீமாட்டிக்கு மாவும் தண்ணியும் போட்டுக் கலக்கிடு. இந்த வெயில்ல ஒரு வேளை விட்டாலும் செத்துடுவா. அவ செத்தா உனக்கு இங்க வேலை இல்ல" என்றார். தலையாட்டினேன். வெளியே வந்தால் என் தோழி ப்ளாந்தின் சைக்கிளோடு நிற்கிறாள். "நாளைக்கு நானும் நம்ம கூட்டாளி காஸ்பாரும் மயேன் ஆத்தோரமா சைக்கிள்ல போறோம். நீயும் வர்ற" என்றாள். அது கேள்வி இல்லை, அவள் கேள்வி கேட்பதே இல்லை. அவளுக்கும் தலையாட்டினேன். ஒரே நாளில் இரண்டு பேருக்குத் தலையாட்டினால் என்ன ஆகும் என்பதைத்தான் இனி எழுதப்போகிறேன்.

சீமாட்டியையும் கூட்டிக்கொண்டு போவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. ஜாடியை ஈரத்துண்டில் சுற்றி என் சைக்கிளின் முன்கூடையில் உட்கார வைத்தேன், மாவுப் பொட்டலத்தைக் காஸ்பாரின் பையில் போட்டேன். காலை முழுக்கச் சொர்க்கம், அத்தை. ஆற்றின் மேல் பனி, மதகுக்கு மதகு வாத்துகள், காஸ்பார் கையை விட்டுவிட்டு ஓட்டிக் காட்டி காஞ்சொறிச் செடிக்குள் விழுந்தான். அவன் விழுந்ததற்குச் சிரித்தோம், பொட்டலம் கிழிந்ததை யாரும் பார்க்கவில்லை. எதிரே ஓடி வந்த ஒரு பெரியவர் நின்று, "என்ன தம்பி, பந்தயத்துக்குக் கோடு போடுறியா?" என்று கேட்டபோதுதான் திரும்பிப் பார்த்தோம். பாதை நெடுக வெள்ளைக் கோடு. பையில் ஒரு கரண்டி மாவுகூட மிச்சமில்லை.

அடுத்த ஊருக்கு மூச்சு வாங்க மிதித்தோம். திங்கட்கிழமை, அதுவும் சாப்பாட்டு வேளை. ரொட்டிக்கடை பூட்டு, மளிகைக்கடை பூட்டு, தேவாலயமும் பூட்டு. ஜாடியைத் திறந்தால் சீமாட்டி அடியில் படுத்துவிட்டாள், மேலே சாம்பல் நிறத்தில் தண்ணீர், ஒரு குமிழி இல்லை. "செத்துட்டாளா?" என்றான் காஸ்பார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த வேலை போனால் அம்மா என்னை மறுபடியும் பள்ளிக்குத்தான் அனுப்புவார். அங்கே எழுந்து நின்று எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும். அதற்குப் பயந்துதானே பள்ளியை விட்டேன். பாலத்துக்கு அந்தப்பக்கம் ஒரு பண்ணைவீட்டில் ஆள் சத்தம் கேட்டது. "நீ கேளு" என்று ப்ளாந்தினைக் கெஞ்சினேன். "உன் மாவு, உன் வாய். திறந்துதான் பாரேன், பல்லு கொட்டிடாது" என்று என்னை வாசலில் தள்ளிவிட்டாள்.

கதவைத் திறந்தவர் பண்ணைக்காரி மதாம் ஊசே. பார்த்ததும் வணக்கத்துக்குக் கன்னத்தில் கொடுப்பது நம் பக்கம் இரண்டு முத்தம், பாலம் தாண்டினால் நான்கு என்பது எனக்கு எப்படித் தெரியும்? நான் இரண்டோடு பின்வாங்கினேன், மூன்றாவது முத்தத்தை அவர் காற்றுக்குக் கொடுத்தார். உள்ளே புல் அறுக்க வந்த ஆட்கள் மேசை நிறைய. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"மாவு வேணும், மதாம்" என்றேன்.

"யாருக்கு?"

"சீமாட்டிக்கு."

"அவங்க எங்க?"

ஜாடியைத் தூக்கிக் காட்டினேன். வீடே சிரித்தது. மதாம் மட்டும் சிரிக்காமல் முகர்ந்து பார்த்தார். "ரொம்ப முடியாம இருக்கா. ஆனா இந்த வீட்டுல சாப்பாட்டுக்கு நடுவுல யாரும் எந்திரிக்கக் கூடாது, சீமாட்டியா இருந்தாலும். உக்காருங்க மூணு பேரும். டேய், தள்ளி உக்காருங்கடா!" ஜாடியை ஜன்னலோரம், அதே மாதிரி இருந்த தன்னுடைய புளிமாவு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தார். "ரெண்டு பேரும் பேசிட்டிருக்கட்டும்."

பன்றி இறைச்சி வறுவல், கீரை, சீஸ், பால்சோறு. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது வரும். என் கண் ஜன்னலை விட்டு நகரவில்லை. பக்கத்தில் இருந்தவர், "சாப்பிடும்மா, அவ ஓடிடமாட்டா" என்றார். காபியும் முடிந்த பிறகுதான் மதாம் எழுந்து இரண்டு ஜாடிக்கும் மாவு போட்டுக் கலக்கினார். நான் பாத்திரம் கழுவி முடித்து வந்து பார்த்தால், அத்தை, கழுத்து வரைக்கும் நுரைத்து நிற்கிறாள்! நான் மதாமைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். நானா என்று எனக்கே நம்ப முடியவில்லை.

சாயங்காலம் முதலாளி வீங்கிய கன்னத்தோடு வந்து மூடியைத் திறந்தார். "இவ்ளோ சந்தோஷமா இவள நான் பாத்ததே இல்ல. என்ன பண்ணின?" என்றார். "கொஞ்சம் காத்தாட வச்சேன்" என்றேன். அது பொய் இல்லை. அன்று படுத்த உடனே தூங்கிவிட்டேன்.

உங்களுக்கும் மாமாவுக்கும் கன்னத்துக்கொன்றாக முத்தம். முட்டிக்குத் தைலம் தடவச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகள்,
சொலேன்

பின்குறிப்பு: தபால்தலை வாங்க மறந்து கடிதம் என் ஏப்ரன் பையிலேயே கிடந்தது. இன்று வெள்ளிக்கிழமைச் சந்தை. கடை நிறையக் கூட்டம், அதில் மதாம் ஊசே. நான்கு முத்தத்துக்கும் ஒழுங்காக நின்றேன். நான்காவதில் காதோடு சொன்னார்: "ஜாடி மாறிடுச்சு கண்ணு. நீ எடுத்துட்டுப் போனது என்னோடது."

"அப்ப சீமாட்டி?"

"ரொட்டி போட்டுப் பாத்தேன், ஒரு விரக்கடைகூட எழும்பல. பன்னிக்குப் போட்டுட்டேன். அது நல்லாத்தான் சாப்பிட்டுச்சு."

அந்த நேரம் பார்த்து முதலாளி சுடச்சுட ஒரு ரொட்டியோடு வந்தார். "பாருங்க மதாம், மூணு தலைமுறைப் புளிமாவு! இந்த வாரம் மாதிரி எழும்பினதே கிடையாது!" மதாம் அதை விரலால் அழுத்திப் பார்த்தார். "நல்ல இடத்துலேருந்து வந்தவள்னு பாத்தாலே தெரியுது" என்று சொல்லி ஒன்று வாங்கிக்கொண்டார். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

கூச்சக்காரியாகப் பிறந்ததற்கு இதுவரை ஒரு பயனும் கண்டதில்லை, அத்தை. இன்று கண்டேன். இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு, அடுத்தவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன்.