மாமி வீட்டு ஷவர் திரையும் வாப்பாவின் ஈயக் கயிறும்

தெரியாது என்று சொல்லவே வராத ஒரு பிராணி உலகத்தில் உண்டென்றால் அது புது மாப்பிள்ளைதான். மாமி வீட்டில் எதைக் கேட்டாலும் அவனுக்குத் தெரியும். எதைக் காட்டினாலும் அவன் ஏற்கனவே பார்த்திருப்பான். நானும் அப்படியொரு பிராணியாக நாற்பது நாளாவது வாழத் திட்டமிட்டிருந்தேன். பதினோராவது நாள் பகல் சாப்பாட்டு நேரத்தில் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் கற்பிட்டிப் பக்கம் கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். என் வாப்பா மீன்பிடிகாரர். எங்கள் வீடு களப்போரம், உப்பேரிக் கரையில். மாமா வெங்காயத் தோட்டக்காரர். அவருடைய வீடு மறுபக்கத்தில், பெருங்கடலைப் பார்த்தபடி இருக்கிறது. எனக்குக் கந்தோரில் கிளார்க் வேலை இருந்ததால் அங்கே என் பெயர் ‘படிச்ச மாப்பிள்ளை’. (கந்தோரில் நான் கடிதங்களுக்கு இலக்கம் போட்டுக்கொண்டிருந்தேன். அதை மாமியிடம் யாரும் விளக்கிச் சொல்லவில்லை.)

படித்த மாப்பிள்ளை கிணற்றடியில் நின்று குளிக்கக் கூடாதென்று மாமா எங்கள் அறையோடு சேர்த்து ஒரு பாத்ரூம் கட்டியிருந்தார். அதில் ஷவர். ஷவருக்கு முன்னால், என் மச்சான் கட்டாரிலிருந்து அனுப்பிய ஒரு பிளாஸ்டிக் திரை. திரையில் தென்னை மரமும் நீலக் கடலும் அச்சடித்திருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் சும்மாவே தெரிகிற காட்சியை அந்த மனிதர் விமானத்தில் அனுப்பிவைத்திருந்தார்.

மாமா முதல் நாளே என்னை உள்ளே கூட்டிப்போய், திரையை ஒரு பக்கம் இழுத்துக் காட்டி, பிறகு மறுபக்கம் இழுத்துக் காட்டினார். திரையின் ஓரத்தைக் கையில் பிடித்தபடியே, “உங்கட வீட்டிலயும் இப்பிடித்தானா மகன்?” என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் ஒரு கிணறு, ஒரு கயிறு, ஒரு தகர வாளி. சாரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு பத்து வாளி அள்ளி ஊற்றினால் குளியல் முடிந்தது. ஆனால் என் வாய் சொன்னது, “ஓம் மாமா, இதே மாதிரித்தான்.”

அந்த நிமிடத்திலிருந்து அந்தத் திரையைப் பற்றி எவரிடமும் எதுவும் கேட்கிற உரிமையை நான் இழந்தேன்.

மறுநாள் காலை ஷவரைத் திறந்தேன். தண்ணீர் விழுந்ததும் திரை உள்ளே வந்தது. மெதுவாக வந்து என் முதுகில் ஒட்டிக்கொண்டது. நான் இந்தப் பக்கம் நகர்ந்தேன், அதுவும் நகர்ந்தது. கையால் தள்ளினேன், காலில் ஒட்டியது. அது கடலிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற காலம். மாமா நல்ல காற்று வரட்டும் என்று கடல் பக்கச் சுவரில் ஓட்டைக் கற்கள் வைத்துக் கட்டியிருந்தார். நல்ல காற்று வந்தது. சில்லிட்ட ஈரப் பிளாஸ்டிக்கைத் தூக்கிக்கொண்டு என்னைக் கட்டிப்பிடிக்க வந்தது. கலியாணமாகி இரண்டே நாள். மனைவி ரிஸ்னா என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள். இந்தத் திரைக்கு மட்டும் வெட்கமே கிடையாது.

இன்னொரு சங்கடமும் இருந்தது. பாத்ரூமைக் கட்டிய மேசன் தரையின் சரிவைத் தண்ணீர் போகும் ஓட்டைப் பக்கம் வைக்காமல் கதவுப் பக்கம் வைத்திருந்தார். திரை உள்ளே வந்த நேரமெல்லாம் தண்ணீர் வெளியே போய், கதவுக்கடியால் எங்கள் அறைக்குள் நுழைந்தது. நான் ஒவ்வொரு நாளும் குளித்துவிட்டு, துவாயைத் தரையில் போட்டுத் துடைத்து, பிறகு அதே துவாயைப் பிழிந்து தலையையும் துவட்டிக்கொண்டு வெளியே வருவேன். இதைப் பார்த்த மாமி, எங்கட மருமகன் பாத்ரூமைத் தானே துடைக்கிறார், அவ்வளவு சுத்தமான பிள்ளை என்று அயலெல்லாம் சொல்லிவைத்தார். பக்கத்து வீட்டு மருமகன் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

திரையை நிறுத்திவைக்க நான் செய்யாத வித்தையில்லை. ஓரத்தை நனைத்துச் சுவரில் ஒட்டிப் பார்த்தேன். ஒற்றைக் காலால் மிதித்துக்கொண்டு மறுகாலில் நின்று சவர்க்காரம் போட்டேன். (முயன்று பார்க்காதீர்கள்.) ஒரு நாள் அதன் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு குளித்தேன். அப்போது பார்த்து ரிஸ்னா வெளியிலிருந்து தேநீர் போடவா என்று கேட்டாள். நான் சொன்ன பதில் அவளுக்கு விளங்கவில்லை. பாவம், ஏதோ துஆ ஓதுகிறேன் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாள்.

எட்டாம் நாள்தான் எனக்குள் இருந்த மீன்பிடிகாரன் மகன் விழித்துக்கொண்டான். வலையின் அடியில் ஒரு கயிறு போகும். அதில் வரிசையாக ஈயக் குண்டுகள் கோத்திருப்பார்கள். கடல் எவ்வளவு இழுத்தாலும் வலையை நேராக நிற்க வைப்பது அந்த ஈயக் கயிறுதான். கடலையே சமாளிக்கிற சாமானுக்கு ஒரு பாத்ரூம் எம்மாத்திரம்? கந்தோர் விட்டு வரும் வழியில் எங்கள் வீட்டுக்குப் போனேன். வாப்பா பள்ளிக்குத் தொழப் போயிருந்த நேரம் பார்த்து, அவர் புது வலைக்கென்று கோத்து வைத்திருந்த ஈயக் கயிற்றில் இரண்டு பாக நீளத்தை வெட்டி எடுத்துக்கொண்டேன். உம்மா என்ன மகன் அது என்று கேட்டதற்கு, கந்தோர் வேலை என்றேன்.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று பகல் மாமி வீட்டில் எங்கள் வீட்டாருக்கு விருந்து. வாப்பா வருவார், மாமா அவரைக் கூட்டிப்போய் அந்தப் பாத்ரூமைக் காட்டுவார், உங்கட வீட்டிலயும் இப்பிடித்தானாமே என்பார். வாப்பாவுக்குப் பொய் சொல்லவே வராது. ஆகவே நான் போட்ட திட்டம் இதுதான்: விருந்துக்குமுன் தண்ணீர் ஒழுகாதபடி திரையைச் சரிபண்ணிவிடுவது, வாப்பாவை அந்தப் பக்கமே விடாமல் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்வது.

காலையிலிருந்து பாத்ரூமுக்குள் கொண்டி போட்டுக்கொண்டு, தங்கூசி என்கிற நைலான் நூலால் திரையின் அடி ஓரத்தில் ஈயக் கயிற்றைத் தைத்தேன். வலைக்குத் தைக்கிற அதே தையல், முழத்துக்கு நாலு கண்ணி. தைத்து முடிந்தபோது வெளியே வாப்பாவின் குரல் கேட்டது. எல்லாரும் வந்துவிட்டார்கள். ரிஸ்னா கதவைத் தட்டி, சஹன் வைக்கப் போவதாகவும் சீக்கிரம் வரும்படியும் சொன்னாள்.

சஹன் என்பது ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற பெரிய தட்டு. ஆறு பேரும் உட்கார்ந்து கைகழுவினால்தான் மூடியைத் திறப்பார்கள். வாப்பா, மாமா, இன்னும் மூன்று பேர் கூடத்தில் பாய்மேல் உட்கார்ந்து கையும் கழுவிவிட்டார்கள். ஆறாவது ஆள் நான். இரண்டு நிமிடத்தில் குளித்துவிடலாமென்று ஷவரைத் திறந்தேன்.

திரை அசையவில்லை. நான் வாழ்க்கையில் கண்ட மிகப்பெரிய வெற்றிகளில் அது ஒன்று. முதல் தடவையாக இரண்டு கையாலும் தலைக்குச் சவர்க்காரம் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, நான் கந்தோருக்குப் பிறந்தவனேயில்லை என்றுகூட யோசித்தேன்.

அப்போது கச்சான் ஒரு தரம் ஓங்கி அடித்தது. வெறும் திரையாக இருந்திருந்தால் பறந்து வந்து என்மேல் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். மூன்று கிலோ ஈயம் தொங்கிய திரை ஒரு வீச்சில் வெளியே போய், மறுவீச்சில் திரும்பி வந்தது. முதல் வீச்சில் திரைக் கம்பியைத் தாங்கிய பிளாஸ்டிக் கழன்றது. மறுவீச்சில் கம்பியும் திரையும் ஈயமும் ஒன்றாக என் தலைக்குமேல் வந்து விழுந்தன. போகிற போக்கில் கம்பி பைப்பின் தலையை உடைத்துக்கொண்டு போனது. நான் வழுக்கி உட்கார்ந்தேன். எழும்பப் பார்த்தால் பெருவிரல் ஒரு கண்ணிக்குள் மாட்டியிருந்தது. அதை எடுக்கப்போன கை இன்னொரு கண்ணிக்குள் போனது. முழத்துக்கு நாலு கண்ணி. தையல் அவ்வளவு நேர்த்தி.

உடைந்த பைப்பிலிருந்து தண்ணீர் கூரைக்கு அடித்தது. பிறகு மேசன் காட்டிய வழியில் போய், அறையைக் கடந்து, கூடத்துக்குள் நுழைந்தது. அங்கே நடந்ததைப் பிறகு ரிஸ்னா சொன்னாள். பாய் நனைகிறது என்று முதலில் கண்டவர் வாப்பா. ஐந்து பேரும் கழுவிய வலது கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் சஹனைத் தூக்கியபடி எழுந்து நின்றார்களாம். கையைக் கழுவிவிட்டால் வேறு எதையும் தொடக்கூடாதல்லவா?

மாமாவின் குரல் கதவண்டை வந்தது. “மகன், என்ன நடந்த?”

“ஒண்டுமில்ல மாமா,” என்றேன், பிளாஸ்டிக்குக்குள்ளிருந்து.

தவழ்ந்து போய்க் கொண்டியைத் திறந்தேன். கிணற்றடிப் பழக்கத்தில் சாரத்தோடு குளித்திருந்தேன், அல்ஹம்துலில்லாஹ். கதவு திறந்தபோது மாமா, வாப்பா, அவர்களுக்குப் பின்னால் மற்ற மூவரும் நின்றார்கள். தென்னை மரமும் நீலக் கடலும் சுற்றிய நான் தரையில் கிடந்தேன். பின்னால் ஈயம் இழுபட்டு வந்தது. ரிஸ்னா ஒரே ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெளியே ஓடிப்போய்த் தண்ணித் தாங்கியின் வால்வைத் திருகி மூடினாள். அந்த வீட்டில் அன்று புத்தியாக நடந்துகொண்டது அவள் ஒருத்திதான்.

வாப்பா குனிந்து ஈயத்தைத் தொட்டுப் பார்த்தார். “இது எண்ட வலை ஈயமெல்லவா?” (மூன்று நாளாக அதைத் தேடி, தன் வள்ளக் கூட்டாளிதான் எடுத்தாரென்று அவரோடு கதைக்காமல் இருந்திருக்கிறார். அந்தக் கூட்டாளி பின்னால் நின்ற மூவரில் ஒருவர்.)

மாமா மரியாதை குறையாமல் கேட்டார், “உங்கட வீட்டிலயும் ஈயம் கட்டித்தான் வெச்சிரிக்கிறீங்களா, சம்பந்தி?”

“எங்கட வீட்டிலயா? எங்கட வீட்ல கிணறுதானே.”

மாமா என்னைப் பார்த்தார். வாப்பாவும் என்னைப் பார்த்தார். அவருக்கு விஷயம் விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை. சத்தம் போடுவாரென்று நினைத்தேன். போடவில்லை.

“எண்ட கிணத்துக்கு என்ன குறை மகன்?” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கிணற்றை அவர் தன் கையால் வெட்டியவர். விழுந்த வலியைவிட அந்தக் கேள்விதான் எனக்கு வலித்தது.

மாமா ஈரத் தரையிலேயே என் பக்கத்தில் குந்தினார். திரையை என் தலையிலிருந்து விலக்கிவிட்டு, யாரைப் பார்ப்பதென்று தெரியாமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: “கலியாணத்துக்கு முந்தி நான் மூணு நாள் இதுக்குள்ள குளிச்சிப் பாத்த. ஏலாமப் போச்சி. மருமகனுக்குத் தெரிஞ்சிரிக்கும், கேட்டுப் படிப்பமெண்டுதான் அண்டைக்கிக் கேட்ட. நீங்க ஓம் எண்டு செல்லிட்டீங்க. பொறவு எப்பிடிக் கேக்கிற?”

முதலில் சிரித்தது வாப்பாவின் கூட்டாளி. பிறகு வாப்பா. ரிஸ்னாவும் உள்ளே வந்து, தான் பத்து நாளாகத் திரையை முடிச்சுப் போட்டுத் தூக்கிவைத்துவிட்டு வாளியில்தான் குளித்ததாகச் சொன்னாள். முடிச்சுப் போடலாமென்று எனக்குத் தோன்றவேயில்லை. படிச்ச மாப்பிள்ளை அல்லவா.

அன்று சஹனை முற்றத்தில் வைத்துச் சாப்பிட்டோம். அடுத்த ஞாயிறு காலை மாமா தோளில் ஒரு துவாயோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். வாப்பா ஒன்றும் கேட்காமல் வாளியை எடுத்துக் கொடுத்து, தானே கயிற்றைப் பிடித்து அள்ளி ஊற்றினார். முப்பது வாளியாவது இருக்கும். எனக்கு அன்றுதான் சோறு இறங்கியது.

இது நடந்து பன்னிரண்டு வருடம். இன்றைக்கும் எங்கள் இரண்டு வீட்டிலும் எந்த விருந்தென்றாலும் பாய் விரிப்பதற்கு முன் யாராவது ஒருவர், மருமகன் குளித்து முடித்தாரா என்று கேட்பார். நான் குளித்துவிட்டேன் என்று என் பத்து வயது மகள் சாட்சி சொன்ன பிறகுதான் பாய் விரிபடும். இதெல்லாம் குடும்பத்துக்குள்தானே என்று நானும் பொறுத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் சிலாபத்தில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனோம். சஹனுக்கு உட்காரும் நேரம். முன்பின் தெரியாத ஒரு பெரியவர் சுருட்டிய பாயைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்து, மிகப் பணிவாகக் கேட்டார்.

“தம்பி, விரிக்கட்டா? குளிச்சிட்டுத்தானே வந்த?”