என் மனைவிக்குப் பக்கத்து நாற்காலி

கூச்ச சுபாவம் உள்ளவர்களைப் பற்றி ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. நாங்கள் யார் கண்ணிலும் படாமல் வாழ்ந்துவிட்டுப் போய்விடுவோம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தைரியசாலி ஒருவன் கூட்டத்துக்கு நடுவே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கூச்சக்காரன் சுவரோரமாக ஒண்டி ஒண்டிப் போவான். போகிற வழியில் தண்ணீர் டிரம்மைத் தட்டிக் கவிழ்த்து, மொத்தக் கூட்டத்தையும் எழுந்து நிற்க வைப்பான். நான் அந்த ஜாதி.

திருப்பதியில் ஆட்டோ, பைக்குகளுக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஹைஸ்கூல் கட்டடத்துக்குள் இந்தச் சம்பவம் வரை ஓட்டுப் போட மட்டும்தான் போயிருக்கிறேன். (அப்போதும் விரலில் மை வைக்கிறவர் ஏதாவது கணக்குக் கேட்டுவிடுவாரோ என்று உள்ளுக்குள் ஒரு நடுக்கம்.)

என் மனைவி கிருபா அப்படி இல்லை. சித்தூரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவள். படித்தாள் என்பதைவிட ஓடினாள் என்று சொல்லலாம். பள்ளியின் கோ-கோ டீமுக்கு அவள்தான் கேப்டன். அந்த விளையாட்டில் எட்டுப் பேர் வரிசையாகக் குந்தியிருப்பார்கள், ஒருத்தி ஓடுவாள். (எங்கள் குடும்பத்தில் அந்த எட்டுப் பேரின் வேலையையும் நான் ஒருவனே பார்க்கிறேன்.)

ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து கிருபாவுக்கு போன் வந்தது. பழைய விளையாட்டுக்காரர்களைக் கூப்பிட்டுப் பெருமைப்படுத்தப் போகிறார்களாம். ஹாலில் ஒரு சுவரையே அதற்கென்று ஒதுக்கியிருக்கிறார்களாம். ஒவ்வொருவர் படமும் பெயரோடு அங்கே நிரந்தரமாகத் தொங்குமாம். அந்தக் காலத்துப் படங்கள் யாரிடமும் இல்லாததால், விழா மேடையில் எடுக்கும் போட்டோவையே சட்டம் போட்டு மாட்டிவிடுவார்களாம்.

எங்கள் பக்கத்தில் யாரையாவது சன்மானம் செய்தால் தனியாக உட்கார வைக்க மாட்டார்கள். கணவன் மனைவி இருவரையும் கல்யாண நாற்காலியில் ஜோடியாக உட்கார வைத்து மாலை, சால்வை, பழத்தட்டு எல்லாம் கொடுத்தால்தான் அது சன்மானம். எனக்கு அது தெரியும். அதனால் போன் வந்த அன்று ராத்திரியே எனக்கு முதுகுவலி ஆரம்பித்துவிட்டது.

"நீயும் ஜான்சியும் போய்ட்டு வாங்க. கடைய யார் பாத்துக்கறது?" என்றேன்.

கிருபா தோசை திருப்பிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னாங்க, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோங்க. நான் ஜெயிச்சப்பல்லாம் மத்த பொண்ணுங்க கப்ப தூக்கிக்கினு அவங்க நைனா கிட்ட ஓடுவாளுங்க. நான் கப்ப தூக்கிக்கினு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவேன். எங்க நைனா ஒரு தபா கூட வந்து பாத்தது இல்ல. நீங்களாவது வந்து பக்கத்துல குந்துங்க. பேச வாணாம். சும்மா குந்தினா போதும்."

இப்படிக் கேட்டால் முதுகுவலி எப்படி நிற்கும்? போய்விட்டது. "வரேன்" என்றேன்.

"மேடைக்கு?"

"மேடைக்குத்தான்."

எங்கள் மகள் ஜான்சி கல்லூரியில் படிக்கிறவள். எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடிப்பாள். அப்போதே எடுக்க ஆரம்பித்தாள். "நைனா, இன்னொரு தபா சொல்லு. சாட்சி வேணும்."

விழா அன்று சித்தூருக்குப் பஸ் ஏறினோம். கிருபா நீலப் பட்டுப் புடவை. எனக்குப் புது வெள்ளைச் சட்டை. வழியெல்லாம் நான் குந்துவதற்கு ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். கை எங்கே, கால் எங்கே, எந்த அளவுக்குச் சிரிக்க வேண்டும், எல்லாம் தயார்.

ஹாலில் நுழைந்ததும் பெண்களை ஒரு பக்கமும் ஆண்களை ஒரு பக்கமும் உட்கார வைத்துவிட்டார்கள். (சபை நடத்தும் பள்ளிக்கூடம். சர்ச்சில் உட்காருகிற பழக்கம் அங்கேயும் போகவில்லை.) கிருபா அந்தப் பக்கம் போனதும் எனக்குக் கை கால் எங்கே வைப்பது என்பது மறந்துபோயிற்று. பக்கத்தில் கோட்டு போட்ட ஒருவர் கையைக் குலுக்கினார்.

"மீரு ஏ பேட்ச் சார்?"

எந்த வருஷம் படித்தீர்கள் என்று கேட்கிறார். நான் சிரித்தேன். பெரிய அதிகாரி, அடக்கமாக இருக்கிறார் என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. தன் மகனுக்கு எங்காவது ஒரு வேலை பார்த்துக் கொடுக்க முடியுமா என்று தெலுங்கில் மெதுவாகக் கேட்டார். நான் எழுந்து ஓடிவிட்டேன்.

ஓடிய இடத்தில், பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடும் டென்ட் ஹவுஸ்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் இரண்டு எடுத்துப் போட்டேன். என்ன நிம்மதி! நாற்காலி தூக்குகிறவனிடம் எந்த வருஷம் படித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. வேலையும் வாங்கித் தரச் சொல்வதில்லை. கூட்டம் சேரச் சேர நான் மும்முரமாக நாற்காலி போட்டேன். புதுச் சட்டையில் தூசி. அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.

விழா ஆரம்பித்தது. ஜெபம், வரவேற்பு, இரண்டு பேருக்குச் சன்மானம். அப்போது விளையாட்டு வாத்தியார் மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தார். கழுத்தில் விசில், கையில் மைக்.

"அன்னா, அந்த எர்ர குர்ச்சி சீட்டு ஊடுதோந்தி. கொஞ்சம் சூடண்டி."

மேடையில் இருந்த இரண்டு சிவப்பு வெல்வெட் நாற்காலிகளில் ஒன்றின் சீட்டு கழன்று ஆடுகிறதாம். கொஞ்சம் பாருங்கள் என்கிறார்.

நான் டென்ட் ஹவுஸ் ஆள் இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் ஒருவர் சீட்டு ஆடுகிறது என்று சொன்னால் என் கை தானாகப் போய்விடும். வேறு எதற்காகவும் மேடை ஏறமாட்டேன். சீட்டுக்காக ஏறினேன். நாற்காலிக்குப் பின்னால் முட்டி போட்டுப் பார்த்தால், துணி ஒரு பக்கம் பிய்ந்து குஷன் தொங்குகிறது. எவனோ அரைகுறையாகத் தைத்திருக்கிறான். பாவி! இழுத்து, மடித்து, அடியில் இருந்த கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். முன்னால் முந்நூறு பேர் இருப்பதே மறந்துவிட்டது.

மைக்கில் கிருபாவின் பெயர் கேட்டது.

"கோ-கோ கேப்டன் கிருபாவதி! தம்பதுலுகா ரண்டி!"

தம்பதியாக வாருங்கள். நான் நாற்காலிக்குப் பின்னாலிருந்து தலையைத் தூக்கினேன். எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு, அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நல்ல என்ட்ரிகூட. ஆனால் விளையாட்டு வாத்தியார் என் தோளைத் தட்டினார்.

"சாலு அன்னா. கிந்திகி திகண்டி."

போதும், கீழே இறங்குங்கள் என்றார். நான் இறங்கிவிட்டேன்.

ஏன் இறங்கினேன் என்று இன்றுவரை வீட்டில் கேட்கிறார்கள். விசில் கட்டிய வாத்தியார் ஒருவர் இறங்கச் சொன்னார். ஐந்தாவதோடு நின்றவன், இறங்கிவிட்டேன். அவ்வளவுதான்.

நான் இந்தப் பக்கப் படியில் இறங்க, கிருபா அந்தப் பக்கப் படியில் ஏறினாள். வந்து உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலி காலி. அவள் ஆண்கள் பக்கம் பார்த்தாள். வரிசை வரிசையாகத் தேடினாள். மேடைக்குக் கீழே டென்ட் ஹவுஸ்காரர்களோடு நிற்கிறவனைப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

"பர்த்தகாரு எக்கட? தொந்தரகா ரண்டி சார்!" என்று வாத்தியார் கத்தினார். கணவர் எங்கே, சீக்கிரம் வாருங்கள்.

படிக்கட்டில், அடுத்த சன்மானத்துக்காக ஒருவரைத் தயாராக நிறுத்தி வைத்திருந்தார்கள். பலமனேரில் பால் வியாபாரம் செய்கிற பெரிய மனிதர். ஆள் நல்ல உயரம், மீசை, பட்டுச் சட்டை. அவர் மனைவி அந்தக் காலத்து நீளம் தாண்டும் வீராங்கனை. "ரண்டி சார்" என்று கேட்டதும் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஏறிவந்து, யாரையும் பார்க்காமல், கேமராவைப் பார்த்து விறைப்பாக உட்கார்ந்துவிட்டார். நூறு கிலோவுக்குக் குறையாது. நான் கட்டிய குஷன் துளி அசையவில்லை. (அந்த நேரத்திலும் எனக்கு அதில் ஒரு பெருமை வந்தது என்பதை நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.)

வாத்தியாருக்குச் சந்தோஷம். சிறப்பு விருந்தினர் கிருபாவுக்கு மாலையும் சால்வையும் போட்டார், அவருக்கும் போட்டார். கிருபா பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். ஒரு விநாடி வாயைத் திறந்தாள். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிருபாவுக்குச் சிரிப்பு வந்தால் பேச்சு வராது. தோள் குலுங்கும், கண்ணில் தண்ணீர் வரும். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. போட்டோகிராபர் குனிந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் படம்தான் சுவரில் தொங்கப் போகிறது. காலமெல்லாம்! சும்மா பக்கத்தில் குந்து என்று கேட்டவளுக்குப் பக்கத்தில், பலமனேர்காரர்!

படி ஏறப் போனேன். பேட்ஜ் குத்திய பையன் மறித்தான்.

"ஆகு அன்னா. போட்டோ அயிபோனி."

போட்டோ முடியட்டும் என்கிறான்! "தம்பி, ஆமே நா பார்யா" என்றேன். அவள் என் மனைவி என்று தெலுங்கில்தான் சொன்னேன், ஆனால் என் குரல் என் சட்டைக் காலரைத் தாண்டவில்லை. அவன் என்னைப் பார்த்துப் பரிதாபமாக, "டிபன் வெனக பெடுதுன்னாரு" என்று பின்பக்கம் கை காட்டினான். அங்கே டிபன் போடுகிறார்களாம்.

எதிரில் ஜான்சி செல்போனைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். "நைனா! கத்து நைனா!"

கத்தினேன். என் பக்கத்தில் ஸ்பீக்கர் பெட்டி மேல் ஜெபத்துக்கு வைத்த மைக் கிடந்ததையும், அதை யாரும் அணைக்கவில்லை என்பதையும் நான் கவனிக்கவில்லை.

"சார்! அது என் பொண்டாட்டி சார்!"

ஹால் அதிர்ந்தது. ஜன்னலில் இருந்த புறா பறந்தது. முன்வரிசையில் போதகர் ஐயா உட்கார்ந்திருந்தார். வீட்டில்கூட 'சம்சாரம்' என்று மரியாதையாகச் சொல்கிறவன் நான். அந்த வார்த்தை எனக்குள் எங்கே இருந்தது என்றே தெரியவில்லை.

அப்புறம் முந்நூறு பேரும் சிரித்தார்கள். என்னிடம் வேலை கேட்ட கோட்டுக்காரர் நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தார். மேடையில் பலமனேர்காரர் மெதுவாகத் திரும்பி, கிருபாவை முதல் முறையாகப் பார்த்தார்.

"அதான் பாத்தேன்! நம்ம வீட்டம்மா இவ்ளோ சிரிக்க மாட்டாளேன்னு!" என்றார், சத்தமாக.

கீழே பெண்கள் பக்கத்திலிருந்து அவருடைய வீட்டம்மா எழுந்து நின்றார். அவர் சிரிக்கவில்லை. பேட்ஜ் பையன் விலக, நான் மேடை ஏறினேன்; மனிதர் அவசரமாக எழுந்து மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். அவர் உயரத்துக்குப் பொருந்திய மாலை. எனக்கு முட்டிக்குக் கீழே வந்தது, மேலே காது வரைக்கும் மூடியது. நான் உட்கார்ந்தேன். பஸ்ஸில் பார்த்த ஒத்திகை ஒன்றும் ஞாபகம் வரவில்லை. தலையைக் குனிந்தவன் குனிந்தவன்தான்.

"மேல பாருங்க" என்றாள் கிருபா, சிரிப்புக்கு நடுவே.

"முடியல."

"சரி, குந்துங்க. போதும்."

இரண்டு படங்களும் வாட்ஸ்அப்பில் வந்தன. முதல் படத்தில் எல்லாமே பிரமாதம், கணவனைத் தவிர. இரண்டாவதில் கணவன் சரி, மற்றதெல்லாம் தப்பு. என் உச்சந்தலை, மாலை, தூசிச் சட்டை, தன் சால்வையைத் தேடிக்கொண்டு ஓரத்தில் நிற்கும் பலமனேர்காரரின் பாதி வயிறு. ஸ்டுடியோவில் புதுசாக எடுத்து அனுப்புங்கள் என்று பள்ளியில் சொல்லிப் பார்த்தார்கள். கிருபா ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டாவதுதான் இன்று சுவரில் இருக்கிறது. படத்தில் இருப்பது யார் என்று பிள்ளைகள் கேட்டால், கேப்டனும் ஒரு மாலையும் என்று வாத்தியார் சொல்கிறாராம்.

பலமனேர்காரர் ஒவ்வொரு புது வருஷமும் போன் செய்து வாழ்த்துகிறார். எடுத்தவுடன், "நான் அந்த ஒரு நிமிஷ மாப்பிள்ளை" என்பார்.

ஜான்சி செய்த வேலைதான் எல்லாவற்றையும்விட மோசம். நான் கத்தியதை வீடியோவிலிருந்து வெட்டி எடுத்து, நான் கூப்பிட்டால் அடிக்கும் ரிங்டோனாக அவள் அம்மா போனில் வைத்துவிட்டாள். மார்க்கெட்டில், பஸ்ஸில், ஒரு முறை ஆராதனையில் எல்லோரும் கண்ணை மூடியிருந்தபோது, "சார்! அது என் பொண்டாட்டி சார்!" மாற்று என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"இத்தினி வருசத்துல நீங்க சத்தமா சொன்னது அது ஒண்ணுதான். இருந்துட்டுப் போவட்டும்" என்றாள் கிருபா.

மாற்றவில்லை. இப்போதெல்லாம் கடையில் வேலை இல்லாத மத்தியானங்களில், ஒன்றும் இல்லாமலே நான் அவளுக்கு போன் போடுகிறேன். பக்கத்திலேயே வைத்திருப்பாள் என்று தெரியும். ஆனால் எடுக்க எப்போதும் கொஞ்சம் தாமதம் செய்கிறாள்.